ஹக்கலவைக் குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் பங்குனி பிறந்தால் உங்கள் ஞாயிறு இதழில் நுவரெலியா வசந்தகாலம் பற்றி ஒரு பக்கம் வந்துவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, ஹக்கல பூங்காவில் பூத்துக் குலுங்கும் ரோஜா எல்லாம் அதில் இருக்கும். அதை வாசித்துவிட்டுத்தான் கொழும்பில் பாதிச் சனம் சித்திரை விடுமுறைக்கு வான் பிடித்து மலையேறுகிறது என்பது என் எண்ணம். பூப் பார்க்கப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஹக்கலவைப் பற்றி நீங்கள் இன்னொரு பக்கமும் போட வேண்டும், அதுவும் கார்த்திகையிலேயே போட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தோட்டம் குளிருக்காகவே போடப்பட்ட தோட்டம். தையிலோ மாசியிலோ ஒரு தடவையாவது போகாதவர்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஹக்கல தொடங்கியது 1861இல். அப்போது அங்கே ரோஜாப் பாத்தியும் இல்லை, புல்தரையும் இல்லை. பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவெயிட்ஸ் காலத்தில், சிங்கோனா மரத்தை நட்டுப் பார்ப்பதற்காகத் தெரிந்தெடுத்த இடம் அது. நம் பாட்டன் பாட்டிமார் கொயினா, கொயினா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்களே, மலேரியாக் காய்ச்சலுக்கான அந்தக் கசப்பு மருந்து இந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது. சிங்கோனாவின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அண்டிஸ் மலை. முகிலும் ஈரமும் குளிரும் ஒன்றாக இருக்கிற சரிவுகளில் வளரும் மரம். கொழும்புச் சூட்டில் அது வராது, பேராதனையிலும் சூடு கூட. ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஹக்கல கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அப்படியென்றால் கொழும்பைவிடப் பத்துப் பதினொரு பாகை குளிர். அந்தக் குளிரை நம்பித்தான் மரத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து அங்கே நட்டார்கள்.

இதே ஆட்கள் இறப்பருக்கு வேறு இடம் பார்த்தார்கள். இறப்பருக்கு வெப்பம் வேண்டும், அதனால் 1876இல் கம்பஹாவில் ஹெனரத்கொடத் தோட்டத்தைத் திறந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய அந்தத் தோட்டத்தையும் நம்மில் பலர் பார்த்ததில்லை, அது வேறு கதை. 1821இல் தொடங்கிய பேராதனை நடுவில், சூட்டுக்கு ஹெனரத்கொட, குளிருக்கு ஹக்கல. நாட்டின் மேடுபள்ளத்தை அளந்து பார்த்துப் போட்ட தோட்டங்கள் இவை. அழகுக்காகப் போட்டவை என்று நினைத்துக்கொண்டு போனால் பாதி விஷயம் கண்ணில் படாது.

சிங்கோனாவின் காலம் நீளவில்லை. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடத்துக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட, துரைமார் பலர் அவசரம் அவசரமாகச் சிங்கோனாவை நட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்துச் சந்தைக்கு அனுப்பினால் விலை என்ன ஆகும்? விழுந்தது. போதாததற்கு ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தில் மருந்துச் சத்து அதிகம், அதோடு போட்டி போட நம் பட்டையால் முடியவில்லை. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை பிறகு மலைநாடு முழுவதும் பரவிய கதை பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அந்த மனிதர் சிங்கோனாவும் நட்டுப் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. சிங்கோனாவுக்கு மவுசு போன பிறகுதான், 1884இல், ஹக்கல பூங்காவாக மாறியது. இன்று 28 ஹெக்டேயர் பரப்பு. நாம் படம் எடுக்கிற ரோஜாத் தோட்டமும் மற்றவையும் அதற்குப் பின்னால் வந்தவை.

எனக்கு இந்தக் கதையில் மனதைத் தொடுகிற இடம் இன்னொன்று. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைப் பக்கம் வரைக்கும் காட்டுவழியாக நடந்த நம் சனத்தில் எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தார்கள். அந்தக் காய்ச்சலுக்கான மருந்து மரம் வளர்ந்த இடம் ஹக்கல. அதற்குப் பிறகும் மலேரியா இந்த நாட்டை விடவில்லை. 1934, 35 கொள்ளைநோயில் பல்லாயிரக் கணக்கானோர் இறந்தார்கள், அப்போதும் கையில் இருந்த மருந்து கொயினாதான். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஹக்கலவைவிட நல்ல இடம் எது? உடம்பு நடுங்குகிற குளிரில் நின்றுகொண்டு சொன்னால், இந்த மரத்தை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்பதைப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை.

தை மாதத்தில் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசல் திறந்த கையோடு உள்ளே போய்விட்டோம். கூட்டம் இல்லை. ரோஜாச் செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூ. பாத்திகளில் தொழிலாளர்கள் குனிந்து நின்று நாற்றுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் நாம் போய் வாய் பிளந்து பார்க்கிற பூவெல்லாம் இந்தக் குளிரில் கை விறைக்க விறைக்க யாரோ நட்டது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாத்திக்குள் கால் வைத்துப் படம் எடுக்க மனம் வராது.

பூ குறைவாக இருப்பதால் கண் மரத்துக்குப் போகிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்கிறேன். ஏப்ரலில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம், நிறம் அங்கேதான் இருக்கிறது. தையில் நிமிர்ந்து பார்க்கிறோம். கலிபோர்னியக் கடற்கரையிலிருந்து வந்த சைப்பிரஸ் மரங்கள், பட்டையெல்லாம் பாசியும் மரக்காளானும் பிடித்து, கிளைகளில் பனித்துளி சொட்டச் சொட்ட நிற்கின்றன. அதற்கப்பால் மரப்பன்னங்கள். இவை வந்த மரங்கள் இல்லை, நம் மலையின் சொந்தப் பிள்ளைகள். பன்னம் பூக்கிற சாதியே இல்லை, அதனால் அதற்கு ஏப்ரலும் ஒன்று தையும் ஒன்று, சொல்லப்போனால் ஈரமும் முகிலும் உள்ள நாளில்தான் அதன் அழகு. தண்டு கறுப்பாக, நாரும் வேருமாகப் பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகிறது, அதன் தலையில் குடையாக ஓலை விரிகிறது. புது ஓலை விரியும் முன் சுருண்டுகொண்டு, உடம்பெல்லாம் கபில நிற ரோமத்தோடு இருக்கும். அக்காவின் சின்னவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “சின்னம்மா, இது சரவட்டையா?” என்று கேட்டான். இல்லையடா, தொட்டுப் பார் என்றேன். ஒரு விரலால் தொட்டான், பிறகு முழுக் கையாலும் தடவினான். விரிந்த ஓலையைத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கத்தில் நரம்புக்கு நரம்பு வரிசையாகச் சின்னச் சின்ன உருண்டைகள், அதற்குள்ளேதான் வித்திகள் இருக்கின்றன, விதையில்லாமல் இந்த மரம் பெருகுவது அப்படித்தான். பெரியவள் பத்தாம் வகுப்பு, பரீட்சைக்குப் பாடமாக்கியது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்த ஒரு ஓலைக்கு முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம், பின்னால் இருந்து தள்ள யாரும் இல்லை. ஏப்ரலில் இது நடக்குமா?

காலையில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஊவாப் பள்ளத்தாக்கு வெலிமடை வரைக்கும் விரிந்து கிடப்பது தெரியும். பிறகு வெயில் ஏற ஏற, கீழிருந்து முகில் மெதுவாக ஏறி வரும். இந்த மாதங்களில் வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. கிழக்கே கடலிலிருந்து வருகிற ஈரம் அந்தச் சரிவில் ஏறிக் குளிர்ந்து முகிலாகிறது. ஹக்கல அந்தப் பக்கம் பார்த்த மலை என்பதால் முகில் நேரே தோட்டத்துக்குள் வந்துவிடும். பத்தடிக்கு அப்பால் நிற்கிற மரம் மறைந்துபோகும், பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மாவுக்குக் கொஞ்சம் பயம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சிறிது நேரத்தில் முகில் கலைந்து மேலே ஹக்கல பாறை வெளியே வந்தது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு இது என்று அந்தப் பக்கத்துச் சனம் சொல்வார்கள், சற்று முன்னால்தான் சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்திருந்தோம் என்பதால் அம்மா பாறையைப் பார்த்தும் கைகூப்பினார். மூலிகை மலை என்று கதை சொன்ன இடத்திலேயே வெள்ளைக்காரன் வந்து மருந்து மரம் நட்டிருக்கிறான், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாறைக்குப் பக்கத்துக் காடு 1938இலிருந்து கடுமையான பாதுகாப்பிலுள்ள இயற்கை ஒதுக்கிடம், உள்ளே போக முடியாது. ஆனால் பூங்காவின் மேல் எல்லையில் நின்றால் தோட்டம் எங்கே முடிகிறது காடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன.

குளிர்காலத்தில் போவதற்குப் பறவைகளும் ஒரு காரணம், எனக்கு அதுதான் பெரிய காரணம். இமயமலைப் பக்கம் பனி விழுந்து பூச்சி புழு இல்லாமல் போகும்போது அங்கிருந்து புறப்படுகிற பறவைகளில் சில, இந்தியாவைக் கடந்து, நம் மலைநாட்டில் வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அப்படி ஒன்று. காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் மட்டும் குஞ்சு பொரிக்கிற, உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துவருகிற இனம். அது ஒக்டோபர் வாக்கில் வந்து மார்ச் முடிவதற்குள் திரும்பிவிடும். நுவரெலியா நகரத்துக்குள்ளே விக்டோரியா பூங்காவும் ஹக்கலவும் அதைப் பார்க்க நல்ல இடங்கள் என்று பறவை பார்க்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நம் ஆட்களோ அது போன பிறகு, ஏப்ரலில் போய் நிற்கிறோம்.

ஆண் பறவையை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஊர்க்குருவி அளவுதான் இருக்கும், முதுகு சாம்பல், கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சள், அந்தச் செம்மஞ்சளின் இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும், நிலத்தில் எதையோ கண்டுவிட்டு விழுந்து கொத்திக்கொண்டு திரும்பக் கிளைக்கு வரும். அசையாமல் நின்றால் நமக்குப் பத்தடி முன்னாலேயே இதைச் செய்யும். கையில் தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொறுமை மட்டும் வேண்டும், சத்தமும் போடக் கூடாது. கறுப்பும் வெள்ளையுமான பூங்குருவி ஒன்றும் இமயத்திலிருந்து வருகிறது. நம்மூரிலேயே இருக்கிற, வேறெங்கும் இல்லாத மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி வருடம் முழுவதும் அங்கே உண்டு, அதைத் தேடவே தேவையில்லை.

மந்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹக்கலவில் இருப்பது ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகை. குளிருக்கு ஏற்றபடி ரோமம் அடர்ந்து நீண்டிருப்பதால் கரடிக் குரங்கு என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்தார்கள். இலை தின்கிற பிராணி அது. தயவுசெய்து பணிஸ், பிஸ்கட், பொரித்த கச்சான் எதையும் எறியாதீர்கள். இலைக்குப் பழகிய வயிறு அதற்கு. நான் பார்த்த அன்றும் ஒரு குடும்பம் சோளப்பொரிப் பையை அப்படியே நீட்டியது, வேண்டாம் என்று சொன்னதற்கு என்னோடு கோபித்துக்கொண்டார்கள், கோபித்தால் கோபிக்கட்டும், நான் மறுபடியும் சொல்வேன்.

சரி, போவது எப்படி? புறக்கோட்டையிலிருந்து நுவரெலியாவுக்கு 79ஆம் இலக்க பஸ் போகிறது. ரயிலில் வருகிறவர்கள் நானு ஓயாவில் இறங்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து வெலிமடை, பதுளைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் பத்துக் கிலோமீற்றரில் ஹக்கல, பூங்கா வாசலிலேயே இறங்கலாம். தைப்பொங்கல் லீவு, துருத்து போயா, பெப்ரவரி 4, இவற்றில் ஒன்றோடு ஒரு நாள் சேர்த்தால் போதும். டிசம்பர் கடைசி வாரம் வேண்டாம், அது இன்னொரு ஏப்ரல். அறை வாடகையும் ஏப்ரலில் கேட்கிற அளவுக்குக் கேட்க மாட்டார்கள். மார்கழி மழை கனத்தால் மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்படும், அதனால் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள், எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குளிர் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் விளையாட்டாகவும் எடுக்க வேண்டாம். கொழும்பில் ராத்திரி 22 பாகைக்கே போர்வை தேடுகிற நமக்கு, நுவரெலியாவின் தை மாத ராத்திரி பத்துப் பாகைக்கும் கீழே போகும். கம்பளிச் சட்டை, காதை மூடுகிற தொப்பி, காலுறை, வழுக்காத சப்பாத்து. வயதானவர்களுக்கு உள்ளே ஏற்ற இறக்கம் உண்டு, ஆறுதலாக நடந்தால் போதும். எங்கள் அம்மா வெளியே வந்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துவிட்டு, இன்னொரு சுற்றுப் போவோமா என்று கேட்டார்.

விடியற்காலையில் எழும்ப முடிந்தால் நுவரெலியாவில் துகள் உறைபனியையும் பார்க்கலாம். முகில் இல்லாத, காற்று அடிக்காத ராத்திரியில் நிலத்துச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும், கனத்த குளிர்காற்று பள்ளமான இடங்களில் இறங்கித் தேங்கும், அங்கே புல்லின் மேல் வெள்ளை படியும். பந்தயத் திடல் பக்கம் போனால் தெரியும். நமக்கு அது வேடிக்கை, உருளைக்கிழங்கும் மரக்கறியும் போட்டவர்களுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நட்டம். வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். அதனால் படம் எடுக்கிற ஆசையில் யாருடைய பாத்திக்குள்ளும் இறங்காதீர்கள்.

வான் வைத்துச் சுற்றுலா கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பு ஒரு தடவை நாங்கள் சேர்ந்து போன பயணத்தில் ஹக்கலவுக்கு அரை மணித்தியாலம்தான் தந்தார்கள், ஸ்ட்ரோபெரிக் கடையில் அதைவிடக் கூட நேரம் நின்றோம். 1861இலிருந்து இருக்கிற ஒரு தோட்டத்தை அரை மணித்தியாலத்தில் எப்படிப் பார்ப்பது? அரை நாளாவது வேண்டும். பள்ளிக்கூடங்களும் அப்படித்தான், சுற்றுலா என்றால் ஒரே நாளில் ஏழெட்டு இடம். விஞ்ஞான ஆசிரியர்கள் மனம் வைத்தால், ஒரு வகுப்பை ஹக்கலவுக்கு மட்டும் கூட்டிப்போய் சிங்கோனா, பன்னம், இடம்பெயர் பறவைகள் என்று மூன்று பாடத்தை அங்கேயே முடித்துவிடலாம். வரலாறு ஆசிரியரும் கூடப் போனால் கோப்பியும் தேயிலையும் அதோடு சேர்ந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் சுற்றுலாப் பக்கத்தை எழுதுகிற தம்பி தங்கைகளை இந்தத் தையில் ஒரு தடவை அங்கே அனுப்புங்கள். ஏப்ரல் படத்தை எடுத்துத் திரும்பப் போடாமல், மரப்பன்னத்தையும் முகிலையும் அந்தச் சின்ன ஈப்பிடிப்பானையும் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். தோட்டத்தில் நாற்று நடுகிற தொழிலாளர்களோடும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம். பஸ் நேரம், நுழைவுக் கட்டணம், திறக்கிற நேரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, அடுத்த கார்த்திகை முடிவதற்குள் அந்தப் பக்கத்தைப் போட்டால், லீவு போடுகிறவர்கள் அதற்கேற்றபடி போடுவார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி